பஞ்சம் கட்டிய அரண்மனை

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் பூட்டுத் தொங்கும். வரவேண்டிய பாக்கி, அடுத்த வருஷத்து லேபிள், புதுச் சரக்குக்கு வைக்கவேண்டிய பெயர் என்று முதலாளிமார் தலைக்குள் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தாலும், வருஷம் முழுக்க வெயிலோடும் மருந்தோடும் மல்லுக்கட்டிய ஊருக்குச் சில வாரம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதே வாரங்களில்தான் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ராஜஸ்தானில் வெயில் இறங்கி, அரண்மனை ஓட்டல்களின் வாடகை ஏறும். குற்றாலம், கொடைக்கானல், மிஞ்சினால் சிங்கப்பூர் என்றிருந்த வசதிக்காரர்களின் விடுமுறைப் பட்டியலில் இப்போது ஜெய்ப்பூரும் ஜோத்பூரும் ஜெய்சல்மேரும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

“என்ன அண்ணாச்சி, நம்மூர்ல இல்லாத வெயிலா? துட்டக் குடுத்துப் பாலைவனம் பாக்கப் போறீகளாக்கும்?” என்று கடைத்தெருவில் கேலி கிளம்பத்தான் செய்யும். கேலியில் நியாயம் உண்டு. ஆனாலும் கணக்குப் பார்த்தால் விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் பல ஆண்டுகள் 200ஐத் தொடுவதில்லை. நம்முடையது மழை ஏமாற்றும் பூமி. அவர்களுடையது மழையை நம்பவே நம்பாத பூமி. இரண்டு வறண்ட சீமைகள். ஒன்றில் கோட்டையும் அரண்மனையும் வரிசைகட்டி நிற்க, இன்னொன்றில் பட்டாசு ஆலையும் தீப்பெட்டி ஆபீஸும் நிற்பது ஏன்? இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு, ராஜஸ்தான் சொகுசுப் பயணம் கொடுத்த காசுக்குமேல் கொடுக்கும்.

போவதற்கு வழி பல. மதுரையிலிருந்து பிகானேருக்கு வாரம் ஒருமுறை அனுவிரத் எக்ஸ்பிரஸ் போகிறது. முழுக்க ஏசி வண்டி. தமிழ்நாட்டில் ஜவுளி, நகை, அடகுக்கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்வர நம்பியிருக்கும் வண்டிகளில் ஒன்று. நாள்கணக்கில் உட்கார முடியாதவர்கள் மதுரையில் விமானம் ஏறி, சென்னையிலோ டெல்லியிலோ மாறிப் போகலாம். பணம் ஒரு பொருட்டே இல்லை என்பவர்களுக்கு டெல்லியிலிருந்து ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ இருக்கிறது. 1982 ஜனவரி 26 அன்று, மன்னர்கள் பயன்படுத்திய பழைய சலூன் பெட்டிகளை வைத்துக்கொண்டு கிளம்பிய ரயில். பெட்டிகள் பிறகு மாறிவிட்டன. சால்வையும் தலைப்பாகையும் மாறவில்லை. ஏழு இரவில் ஜெய்ப்பூர், சித்தூர்கர், உதய்ப்பூர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், ஆக்ரா என்று சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து இறக்கிவிடும். என் அபிப்பிராயம்: ரயிலைவிடக் கார் நல்லது. அரண்மனையில் இறங்கி அரண்மனையில் ஏறினால், இடையிலிருக்கும் பாலைவனம் கண்ணில் படாமலே போய்விடும்.

347 அறைகள்

எல்லா ஊரையும் ஒரே மூச்சில் பார்க்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு அரண்மனைக்குத்தான் நேரம் என்றால், ஜோத்பூர் உமைத் பவன் போதும். ஊருக்கு வெளியே சித்தர் என்ற குன்றின் மேல், மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்த மணற்கல்லில் எழும்பியிருக்கிறது. 347 அறைகள். உலகத்திலேயே பெரிய தனியார் இல்லங்களில் ஒன்று என்று பெயர். மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றில் பழைய மன்னர் குடும்பம் குடியிருக்கிறது, ஒன்று மியூசியம், மூன்றாவது தாஜ் நிறுவனம் நடத்தும் ஓட்டல். சீசனில் ஓர் இரவு வாடகை அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டியது போரில் வென்ற கொள்ளைப் பணமில்லை, பஞ்சம். 1920களில் ஜோத்பூர் அடங்கிய மார்வார் சமஸ்தானத்தில் மழை தொடர்ந்து பொய்த்தது. அந்தச் சீமைக்கு அதற்கு முன்பே ஒரு பழைய வடு உண்டு. 1899–1900இல் வந்த பெரும்பஞ்சத்தை அங்கே ‘சப்பனியா’ என்பார்கள்; விக்கிரம ஆண்டு 1956இல் வந்ததால் ஐம்பத்தாறாம் வருஷப் பஞ்சம். நம் பாட்டிமார் 1876–78 பஞ்சத்தைத் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொன்ன மாதிரியேதான். மறுபடியும் அப்படியொன்று வந்துவிடுமோ என்ற பயத்தில் குடியானவர்கள் வேலை கேட்டு நிற்க, மகாராஜா உமைத் சிங் 1929 நவம்பரில் அரண்மனைக்கு அடிக்கல் போட்டார். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் தினக்கூலிக்கு வந்தார்கள். கட்டி முடிய 1943 ஆனது. வேலை இழுத்துக்கொண்டே போனது என்று இதைச் சொல்வதைவிட, இழுக்கும்படியே வைத்தார்கள் என்றால் பொருந்தும்.

சுண்ணாம்புச் சாந்து வைக்காமல் கல்லோடு கல்லைக் கவ்வவிட்டுக் கட்டியது. தூக்கமுடியாத பாளங்களுக்கு அடியில் ஐஸ் கட்டிகளை வைத்து, அது உருக உருகக் கல் தன் இடத்தில் இறங்கி உட்காரும்படி செய்தார்கள் என்று சொல்வார்கள். வரைபடம் போட்டவர் ஹென்றி லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர். லண்டனில் செய்யச்சொன்ன மேசை நாற்காலிகளை ஏற்றிவந்த கப்பல் யுத்தத்தில் கடலுக்கடியில் போய்விட்டது. நாஜிகளுக்குத் தப்பி இந்தியாவுக்கு வந்த போலந்து ஓவியர் ஸ்டெஃபான் நார்பிளின், உள்ளலங்காரத்தைப் புதிதாகச் செய்து கொடுத்தார். ராமாயணக் காட்சிகளை ஐரோப்பிய நவீன பாணியில் சுவரில் தீட்டினார். ராஜபுத்திர அரண்மனை என்று நம்பி உள்ளே போகிறவர்களுக்கு ஏதோ பழைய ஆங்கிலப் படத்துக்குள் நுழைந்தது போல இருப்பதற்குக் காரணம் அந்த அகதி ஓவியர்தான். மாளிகை முடிந்த நான்காம் ஆண்டில், 1947இல், உமைத் சிங் இறந்துபோனார்.

இனி நம் ஊருக்கு வருவோம். உமைத் பவனுக்கு அடிக்கல் விழுவதற்கு ஆறு ஆண்டு முன்னால், 1923இல், சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பெயர் அய்ய நாடார், சண்முக நாடார். விவசாயத்தை நம்பினால் வயிறு நிறையாது என்று தெரிந்த ஊரிலிருந்து, தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனவர்கள். சில மாதங்களில் திரும்பிவந்து தீப்பெட்டி போட்டார்கள். பிறகு மத்தாப்பு வந்தது, பட்டாசு வந்தது, பெட்டிமேல் ஒட்டும் லேபிளுக்காக அச்சகமும் வந்தது. மழை பெய்யாத குறையையே மூலதனமாக்கினார்கள். காற்றில் ஈரம் கம்மி என்பதால்தான் குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்ந்தன.

இந்தக் கதையை வெறும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பள்ளிக்கூடம் பார்க்காத பிள்ளைகள் குச்சி அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. விபத்துச் செய்தி இன்றும் வராத ஆண்டில்லை. பட்டாசு ஆலையின் கட்டட அமைப்பே அதைத்தான் சொல்கிறது. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு. அறைக்கும் அறைக்கும் நடுவே கட்டாய இடைவெளி. ஒன்று வெடித்தால் பக்கத்து அறை பிழைக்கவேண்டும் என்பதற்காகவே தள்ளித் தள்ளிக் கட்டிய ஷெட்டுகள். ஜோத்பூரில் ஒரு பஞ்சம் 347 அறைகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்துக் கட்டியது. சிவகாசியில் வறட்சி கட்டிய அறைகள் ஒன்றை ஒன்று தொடாமல் நிற்கின்றன. முன்னதற்கு டூரிஸ்ட் வருகிறார். பின்னதற்கு இன்ஸ்பெக்டர் வருகிறார்.

மானியம் போனது, மாளிகை திறந்தது

அரண்மனைகள் ஏன் ஓட்டல்களாயின என்ற கதையில் விருதுபட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்களை இணைத்தபோது, மன்னர்களுக்கு ஆண்டுதோறும் மானியம் தருவதாக இந்திய அரசு வாக்குக் கொடுத்திருந்தது. ஜெய்ப்பூர் மன்னருக்கு மட்டும் வருஷத்துக்கு 18 லட்சம் ரூபாய். கிலோ அரிசி காசுக்கணக்கில் விற்ற காலத்து 18 லட்சம். 1967இல் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இந்த மானியத்தை ஒழிக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டபோது கட்சித் தலைவர் நாற்காலியில் இருந்தவர் காமராஜர். அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் சொந்த ஊரான விருதுநகரில் அவர் தோற்றிருந்தார்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தமிழர் நிழல் உண்டு. ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் சார்பில்தான் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி 1962இல் நின்று, சாதனை வித்தியாசத்தில் ஜெயித்தார். 1969இல் காங்கிரஸ் உடைந்து காமராஜரும் இந்திரா காந்தியும் வேறு வேறு பக்கம் போனார்கள். 1970இல் மானிய ஒழிப்பு மசோதா மாநிலங்களவையில் மயிரிழையில் தோற்றது. கடைசியில் 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து மானியம் அடியோடு போயிற்று.

அதற்கு முன்பே சிலர் காற்று அடிக்கும் திசையைப் பார்த்துவிட்டார்கள். ஜெய்ப்பூர் மன்னர் மான் சிங் 1957இலேயே தன் ராம்பாக் அரண்மனையை ஓட்டலாக்கினார். உதய்ப்பூரில் பிச்சோலா ஏரிக்கு நடுவே 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜக் நிவாஸ், 1960களில் லேக் பேலஸ் ஓட்டலானது. மானியம் நின்றபிறகு மற்றவர்களுக்கும் வேறு வழியில்லை. யானை கட்டிய கொட்டடி ரெஸ்டாரன்ட் ஆயிற்று. அந்தப்புரம் சூட் அறையாயிற்று. டெல்லி–ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில், 1464இல் எழும்பிய நீம்ரானா கோட்டை இடிந்துகிடந்தது. அமன் நாத், பிரான்சிஸ் வாக்சியார்க் என்ற இருவர் 1986இல் அதை வாங்கி, சுவர் சுவராகச் சரிசெய்து, 1991இல் திறந்தார்கள். மன்னரல்லாதவரும் பழைய கட்டடத்தை வைத்துப் பிழைக்கலாம் என்று காட்டியது நீம்ரானாதான். இன்றைக்கு மத்திய அரசின் பாரம்பரிய ஓட்டல் வகைப்பாட்டில் சேர, கட்டடம் 1950க்கு முந்தையதாக இருந்தாலே போதும். இந்த ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நின்ற கோட்டையும் விழுந்த கோட்டையும்

ஜோத்பூர் ஊருக்குமேல் பாறையோடு பாறையாக நிற்கும் மெஹ்ரான்கர் கோட்டையை 1459இல் ராவ் ஜோதா தொடங்கினார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கோட்டைச் சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்புகளை வழிகாட்டிகள் பெருமையோடு காட்டுவார்கள். அவசரமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு: ராஜாராம் மேக்வால் நினைவுக் கல். கோட்டை நிலைக்கவேண்டும் என்று அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்கப்பட்டவர் அவர். ஒடுக்கப்பட்ட சாதி. அவர் குடும்பத்துக்கு அரசர் நிலம் எழுதிக்கொடுத்தாராம். அந்தக் கல்லின் முன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மேலே போங்கள்.

சித்தூர்கர், கும்பல்கர், ரணதம்போர், காக்ரோன், ஆம்பேர், ஜெய்சல்மேர் என்ற ஆறு மலைக்கோட்டைகளை 2013இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இத்தனை கோட்டைகள் இத்தனை முழுமையாக எப்படி மிஞ்சின? ராஜபுத்திரர் வீரம் என்று வழிகாட்டி சொல்வார். மொகலாயரோடு நடந்த போர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கிழக்கிந்தியக் கும்பினி விஷயத்தில் கதை வேறு. மராத்தியரும் பிண்டாரிகளும் சூறையாடியதில் களைத்துப்போன ராஜபுத்திர அரசுகள் ஜோத்பூர், உதய்ப்பூர், ஜெய்ப்பூர், ஜெய்சல்மேர் என்று வரிசையாக 1818இல் கும்பினியோடு உடன்படிக்கை செய்துகொண்டன. வெளிவிவகாரம் வெள்ளைக்காரனுக்கு, கோட்டை மன்னனுக்கு. அடுத்த நூற்றிருபது முப்பது ஆண்டு அந்தச் சுவர்கள்மேல் குண்டு விழவில்லை.

இங்கே என்ன நடந்தது? விருதுநகரிலிருந்து தெற்கே இறங்கினால் சாத்தூர், கோவில்பட்டி தாண்டிக் கரிசல் விரியும். ஒரு காலத்தில் பாளையத்துக்கு ஒரு கோட்டை இருந்த சீமை அது. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளில் மறுபடியும் மண்ணாலேயே எழுப்பினார். மார்ச் கடைசியில் பீரங்கியோடு மோதிய கும்பினிப் படையை அந்த மண்சுவர் திருப்பி அனுப்பியது. மேலும் படை திரட்டிவந்து மே 24 அன்றுதான் பிடிக்கமுடிந்தது. பிடித்ததும் தரைமட்டம். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னரின் பிரகடனம் வந்தது: பாளையக் கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. 1803இல் பாளையங்கள் வரி வசூல் செய்யும் ஜமீன்களாயின. 1948இல் ஜமீனும் ஒழிந்தது.

ஆக, உடன்பட்டவன் கோட்டை நின்றது, எதிர்த்தவன் கோட்டை விழுந்தது. இதற்குச் சாட்சி தேடி ராஜஸ்தான்வரை போகவேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நாம் பார்ப்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அசல் கோட்டையின் அடித்தளம் பக்கத்தில் தோண்டியெடுத்த நிலையில் கிடக்கிறது. கும்பினி பக்கம் நின்ற எட்டயபுரத்திலோ அரண்மனை என்று கைகாட்ட ஒரு கட்டடம் மிஞ்சியிருக்கிறது. ராஜபுத்திரர்களைக் கோழை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாலைவனத்து அரசர்கள் தம் குடிகளுக்கு எது நல்லது என்று கணக்குப் போட்டார்கள்; கரிசல் பாளையக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். மெஹ்ரான்கர் உப்பரிகையில் நின்று போட்டோ எடுக்கும்போது, நம் பக்கத்தில் கோட்டை இல்லாமல் போனதை ஏழ்மை என்று நினைத்துத் தலைகுனிய வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மகாராஜா தந்த முள்

மெஹ்ரான்கர் அடிவாரத்தில் நம்மூர்க்காரருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சீமைக்கருவேலை அங்கே ‘விலாயதி பபூல்’ என்பார்கள். பாலைவனத்தைப் பச்சையாக்கும் ஆசையில் மார்வார் சமஸ்தானம் இந்த முள்ளைப் பரப்பியது; விமானத்திலிருந்து விதை தூவினார்கள். 1940இல் ‘ராஜ மரம்’ என்று பட்டமும் கட்டியது. விறகாகும், கரியாகும் என்று கொண்டாடிய மரம், பிறகு வேறெதையும் முளைக்கவிடவில்லை. நம் பக்கம் சாயல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் இதன் கதையை யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள். கண்மாயைக் காணோம் என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே வெட்டச்சொல்லி உத்தரவு போட்டுப் பார்த்தது.

கோட்டையை ஒட்டி, எரிமலைப் பாறையில் மண்டிக்கிடந்த அந்த முள்ளை 2006 முதல் வேரோடு பிடுங்கத் தொடங்கினார்கள். மேலே வெட்டினால் தழைக்கும் என்பதால், கல் உடைப்பதில் கைதேர்ந்த உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளிகளைக் கூப்பிட்டு, பாறையை உளியால் குடைந்து வேரை எடுத்தார்கள். தோண்டிய குழியில் பாலைவனத்துச் சொந்தச் செடிகளை வைத்தார்கள். பிரதீப் கிருஷன் என்ற தாவர ஆர்வலர் முன்னின்று செய்த அந்த இடம்தான் இன்றைய ராவ் ஜோதா பாலைப்பாறைப் பூங்கா. நம் பஞ்சாயத்துத் தலைவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவரவேண்டிய இடம். ஜேசிபியை விட்டு ஒரே நாளில் சுரண்டி, மறு மழைக்கே காடாக்கிக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு மாற்று அங்கே இருக்கிறது.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். நடுவில் பொக்ரான் வரும். 1974லும் 1998லும் அணுகுண்டு சோதித்த பொக்ரான். இரண்டாம் சோதனையில் முன்னின்ற அப்துல் கலாம் பிறந்த ராமேஸ்வரமும் விருதுநகரும் 1985 வரைக்கும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். பொக்ரான் கோட்டையும் இப்போது ஓட்டல்தான்.

ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1156இல் கட்டியது. கோயில், கடை, வீடு, சந்து எல்லாம் உள்ளேயே. அந்தக் காலத்தில் கீழேயுள்ள கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். சொட்டுச் சொட்டாகச் செலவழித்தார்கள். பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது, டூரிஸ்ட் வந்தார், கோட்டைக்குள்ளேயே லாட்ஜ் வந்தது, ஷவர் வந்தது. கழிவுநீர் கசிந்து அடியிலிருந்த களிமண்ணை இளக்க, கொத்தளங்கள் சில சரிந்தன. பகைவன் செய்யாததைப் பாத்ரூம் செய்தது. ஆபத்திலுள்ள நினைவுச் சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996இலேயே இதைச் சேர்த்தார்கள். குழாய் வரும் நாளை விரல்விட்டு எண்ணும் சிவகாசிக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆகையால் கோட்டைக்குள் தங்காதீர்கள். வெளியே தங்கி, உள்ளே நடந்து பாருங்கள்.

சம் மணல்மேட்டில் ஏசி போட்ட கூடாரம், ஒட்டகச் சவாரி, காளபேலியா ஆட்டம், மங்கனியார் பாட்டு எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு விற்கிறார்கள். டிசம்பரில் குளிர் எலும்புவரை இறங்கும். ஸ்வெட்டர் இல்லாமல் போய்ப் பல்லை நடுக்காதீர்கள். சாப்பாட்டில் கம்பு ரொட்டியும் ‘கேர் சாங்ரி’ பொரியலும் கேளுங்கள். வன்னி மரத்துக் காயையும் முள்செடிக் காயையும் வெயிலில் வற்றலாக்கி வைத்துச் சமைப்பது. கம்மங்கூழும் சுண்டவற்றலும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது சட்டென்று பிடித்துப்போகும்.

வானத்தில் நம் சரக்கு

அரண்மனைக் கல்யாணம் இன்று பெரிய வியாபாரம். 2018 டிசம்பரில் நடிகை பிரியங்கா சோப்ராவின் திருமணம் உமைத் பவனில் நடந்தபோது, வாணவேடிக்கையில் வானம் பிளந்தது. ஆஸ்துமாக்காரியான தன்னை நினைத்தாவது தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காதீர்கள் என்று அவரே விளம்பரத்தில் கேட்டுக்கொண்டிருந்ததை எடுத்துப்போட்டு, நாடே கிண்டலடித்தது. அதே டிசம்பரில் சிவகாசி எப்படி இருந்தது என்று கிண்டலடித்தவர்கள் கேட்கவில்லை. அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும் என்று தீர்ப்பளித்ததையொட்டி, இங்கே ஆலைகள் நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்கிற ஊரில் வேலையில்லாமல் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

2020 நவம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி ராஜஸ்தான் அரசு பட்டாசு விற்பனையையே தடை செய்தது. மறு ஆண்டு அக்டோபரில் ராஜஸ்தான் உள்ளிட்ட மாநில முதல்வர்களுக்குத் தமிழக முதல்வர் ஸ்டாலின், தடையை நீக்கச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஏரிக்கரை அரண்மனை மாடியில் ஷாம்பெயின் கிளாஸோடு நிற்கும் விருந்தாளிக்கும், வெம்பக்கோட்டை ரோட்டு ஷெட்டில் திரி திணிக்கும் அக்காவுக்கும் நடுவே இப்படி ஓர் உறவு இருக்கிறது. மூச்சுக்குழாய்க்குப் பட்டாசு கெடுதல் என்பதை நான் மறுக்கவில்லை. எளியவன் தெருவில் வெடித்தால் மாசு, அரண்மனை மேல் வெடித்தால் விழா என்ற கணக்கைத்தான் ஏற்கமுடியவில்லை.

அரை நாள் அரச வாழ்வு

அரை லட்சம் வாடகை கொடுக்க எல்லாராலும் ஆகாது. தேவையுமில்லை. உமைத் பவன் மியூசியத்துக்குள் போக ஒரு சினிமா டிக்கெட் காசு போதும். ராம்பாக்கில் தங்காமல் சாயங்காலத் தேநீர் மட்டும் சாப்பிட்டு வரலாம். அது மலிவில்லை என்றாலும், புல்வெளியில் மயில் உலாத்துவதை மன்னர் பார்த்த இடத்திலிருந்தே பார்க்கலாம். ஒரே ஒரு ராத்திரியாவது கோட்டையில் தூங்கவேண்டும் என்று ஆசையிருந்தால், பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஷெகாவாட்டிப் பக்கம் போங்கள். பிர்லா, பஜாஜ், போத்தார், கோயங்கா குடும்பங்கள் கிளம்பிப்போன வறண்ட சீமை. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சம்பாதித்து, ஊரில் சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய ஹவேலிகளைக் கட்டினார்கள். பாதி இன்று பூட்டிக்கிடக்கிறது. வாசலில் ஒரு காவல்காரக் கிழவர். நவல்கர், மண்டாவா ஊர்களில் சில மட்டும் விடுதிகளாக உயிரோடிருக்கின்றன. கானாடுகாத்தானைப் பார்த்தவர்கள், இதே தெருவை முன்பே பார்த்திருக்கிறோமே என்பார்கள்.

கானாடுகாத்தான் என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. விருதுநகரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் செட்டிநாடு. காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் என்று, ராஜஸ்தானுக்குச் சற்றும் சளைக்காத சொகுசு விடுதிகள் அங்கே நடக்கின்றன. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டுச் சாப்பாடு. மன்னர் இல்லாமலே நம் வறண்ட பூமியில் மாளிகைச் சுற்றுலா நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே தேடிவருகிறார்கள். நாம்தான் கல்யாணத்துக்குப் போய் இலை போட்டதும் திரும்பிவிடுகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் கட்டிய சிறிய மகால் இருக்கிறது. பால்கோவா வாங்கப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

எட்டயபுரமோ இன்னும் பெரிய செல்வம். முத்துசாமி தீட்சிதர் 1835இல் கண்மூடிய ஊர். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் அச்சேறியது அந்த ஜமீன் ஆதரவில். உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் பாரதி பிறந்ததும் அங்கேதான். ஒரு பழைய அரண்மனை, ஒரு தீட்சிதர், ஒரு பாரதி, ஓர் உமறுப்புலவர்: இந்த நான்கும் ராஜஸ்தானில் ஒரே ஊரில் வாய்த்திருந்தால் இந்நேரம் அங்கே மார்கழி இசைவிழாவும் மணிக்கு ஒரு வழிகாட்டியும் இருந்திருக்கும்; மதுரை விமான நிலையத்தில் விளம்பரப் பலகை நின்றிருக்கும். பாரம்பரிய ஓட்டலுக்குக் கட்டடம் 1950க்கு முந்தையதாக இருந்தால் போதும் என்று மேலே சொன்னேன். தென்கோடி ஜமீன் மாளிகைகள் அத்தனையும் அந்த வரம்புக்குள் வருகின்றன.

ராஜஸ்தானுக்குப் போய்வாருங்கள், தாராளமாகப் போய்வாருங்கள். ஜெய்சல்மேர்க் கூடாரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி வழியாக எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி இரண்டையும் ஒருநாளில் பார்த்துவிடுங்கள். சிவகாசியில் அச்சகமும் ஆலையும் வைத்து ஊர் ஊராக வியாபாரம் செய்கிறவர்களில் யாராவது ஒருவர், இன்னொரு ஷெட் போடும் பணத்தை இடிந்துகொண்டிருக்கும் ஒரு ஜமீன் மாளிகையில் போட்டால் என்ன? நீம்ரானாவை எடுத்து நிறுத்திய இருவரில் ஒருவர்கூட அந்த ஊர் ராஜபுத்திரர் இல்லை.